1.74 லென்ஸுக்கு 1,250 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக வேலை பார்க்கும் தம்பி. அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். "எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6.00, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்) மைனஸ் 1.00, பிடி (இரண்டு கண்மணிக்கும் இடையே உள்ள தூரம்) 62. பட்டணத்துக் கடையில் ஒரு ஃபிரேம் பிடித்திருந்தது. 1.74 லென்ஸ் போட்டால்தான் மெல்லிசாக வரும் என்று சொல்லி, லென்ஸுக்கு மட்டும் 1,250 வெள்ளி கேட்கிறார்கள். இணையத்தில் அதே 1.74 என்று போட்டு 300 வெள்ளிக்கு விற்கிறார்கள். அப்பாவுக்கு 56 வயது, தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார், இனிப்புநீர் உண்டு. தூரத்துக்கு பிளஸ் 1.00, ஆட் (கிட்டத்துக்காகக் கூட்டும் பவர்) 2.25. அவருக்கு 900 வெள்ளியில் புரோகிரசிவ் (கோடில்லாமல் தூரமும் கிட்டமும் சேர்ந்த லென்ஸ்) போடச் சொல்கிறார்கள். எது நியாயம், எது ஏமாற்று?"

தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் யாரும் உங்களை ஏமாற்றுவதாகத் தெரியவில்லை. 1,250 என்பது பெரிய பிராண்ட் 1.74 லென்ஸுக்கு இங்கே சாதாரணமாகக் கேட்கும் விலைதான். ஆனால் அந்தக் காசு உங்களுக்கு எதை வாங்கித் தருகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. நான் ஈப்போவில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலையில் பல வருடம் இருந்தவன். முன்னால் கவுண்டரில் லென்ஸ் எண்ணை, அதாவது 1.60, 1.74 என்கிற ஒளி வளைக்கும் அளவைப் பற்றியே பேசுவார்கள். பின்னால் மெஷினிலிருந்து வெளியே வரும்போது லென்ஸ் தடிப்பாக இருக்கிறதா மெல்லிசாக இருக்கிறதா என்பதை முக்கால்வாசி முடிவு செய்வது ஃபிரேம். நீங்கள் அனுப்பிய படத்தில் ஃபிரேமின் கை உட்புறத்தில் 54-18-140 என்று அச்சடித்திருப்பது தெரிகிறது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த எண்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 54 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 என்பது மூக்குப் பாலத்தின் அகலம், 140 என்பது காதுக் கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். 54-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 72. ஃபிரேமின் இரண்டு லென்ஸ் நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் அது. உங்கள் பிடி 62. இரண்டுக்கும் 10 மி.மீ. வித்தியாசம். ஆக ஒவ்வொரு கண்ணிலும் லென்ஸின் பவர் மையத்தை மூக்குப் பக்கமாக 5 மி.மீ. தள்ளி வைத்துத்தான் வெட்டியாக வேண்டும். அப்படித் தள்ளும்போது காதுப் பக்க ஓரம் மையத்திலிருந்து 27-க்குப் பதிலாக 32 மி.மீ. தூரத்துக்குப் போய்விடுகிறது.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்துக்குப் போகப் போகத் தடிப்பு. அந்தத் தடிப்பு தூரத்தோடு சமமாகக் கூடுவதில்லை, தூரத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. பின்னறையில் நாங்கள் கணக்குப் போடும் விதம் இது: தூரத்தைத் தூரத்தால் பெருக்கி, பவரால் பெருக்கி, லென்ஸ் எண்ணில் ஒன்றைக் கழித்து அதை 2000-ஆல் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். வருவது ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள தடிப்பு வித்தியாசம். அதோடு நடுத்தடிப்பைக் கூட்டினால் ஓரத்தடிப்பு. ஒரு மில்லிமீட்டரில் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

உங்கள் பவரைப் போட்டுப் பார்ப்போம். 54-18 ஃபிரேமில் 1.74 லென்ஸ்: 32-ஐ 32-ஆல் பெருக்கினால் 1024, ஆறால் பெருக்கினால் 6144, அதை 1480-ஆல் வகுத்தால் 4.15. நடுத்தடிப்பு 1.2 சேர்த்தால் ஓரம் 5.3 மி.மீ.யைத் தாண்டுகிறது. இதுதான் 1,250 வெள்ளி லென்ஸ்.

இப்போது அதே கடையில் 48-20 ஃபிரேம் ஒன்றை எடுங்கள். 48-ம் 20-ம் 68. உங்கள் பிடிக்கு 6 மி.மீ.தான் வித்தியாசம், ஒரு கண்ணுக்கு 3. காதுப் பக்க ஓரம் 27 மி.மீ. தூரத்தில் நிற்கிறது. இதில் 1.60 லென்ஸ் போட்டால் 4374-ஐ 1200-ஆல் வகுக்க 3.65, நடுத்தடிப்பு 1.3, ஆக ஏறக்குறைய 4.9 மி.மீ. பெரிய ஃபிரேமில் போட்ட 1.74-ஐ விட மெல்லிசு! 1.67 போட்டால் 4.5. அதே சின்ன ஃபிரேமில் 1.74-ஏ போட்டாலும் ஏறக்குறைய 4.2தான். இன்னொன்றும் சொல்கிறேன்: சின்ன ஃபிரேமில் எல்லாவற்றையும் விட மலிவான 1.56 லென்ஸ் 5.4 மி.மீ. வருகிறது. அதாவது பெரிய ஃபிரேம் 1.74-ம் சின்ன ஃபிரேம் 1.56-ம் தடிப்பில் கிட்டத்தட்ட ஒன்று. விலையில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம்.

மேலே சொன்னது கிடைமட்டக் கணக்கு மட்டும். ஃபிரேமின் மூலைகள் கூராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே இன்னும் தடிக்கும். வட்டம், முட்டை வடிவம், மூலை மழுங்கிய சதுரம் இவையெல்லாம் உங்கள் பவருக்கு நல்லவை. விமானி மாடல் வேண்டவே வேண்டாம். முழு விளிம்பு பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் மூன்று மி.மீ. தடிப்பை அதுவே மறைத்துவிடும், கம்பி விளிம்பில் எல்லாம் வெளியே தெரியும். மூக்குப் பிடி உள்ள ஃபிரேமாகப் பார்த்தால் நம்மவர்களுக்கு வழுக்காமல் நிற்கும். சின்ன ஃபிரேம் முகத்துக்கு எடுப்பாக இருக்காது என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். கண்ணாடி முன்னால் போட்டுப் பாருங்கள்: ஃபிரேமின் நடுவில் கண் உட்கார்ந்திருந்தால் அது முகத்துக்குப் பொருந்திய ஃபிரேம். கண் மூக்குப் பக்கம் ஒதுங்கி நின்றால் எவ்வளவு விலை என்றாலும் அது உங்களுடையது இல்லை.

இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று ஒரு வார்த்தை. 1.50, 1.56, 1.60, 1.67, 1.74 எல்லாம் ஒளியை வளைக்கும் திறனின் அளவு. எண் கூடினால் அதே பவரை மெல்லிய லென்ஸில் கொண்டுவரலாம். "கூடின எண் என்றால் கூடின தரம்" என்று பலர் நினைக்கிறார்கள். பார்வைத் தெளிவு என்று எடுத்தால் கதை பாதி தலைகீழ். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்காமல் கடத்தும் தன்மைக்கு அபே எண் என்று பெயர், அது கூடினால் நல்லது. பழைய சிஆர்-39 பிளாஸ்டிக்குக்கு, அதாவது 1.50-க்கு, அபே 58. நல்ல 1.60 பொருளுக்கு 41 அளவில். 1.67-க்கும் 1.74-க்கும் 32, 33தான். உங்கள் பவரில் லென்ஸின் ஓரம் வழியாக வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்தைப் பார்த்தால் எழுத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் மெல்லிசாகத் தெரியும், அதற்குக் காரணம் இதுதான். சிலர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள், சிலருக்கு அது எரிச்சல். நாள் முழுக்க எடைச்சீட்டும் கணினியும் பார்க்கிற கிராணிக்கு நான் 1.60-தான் சொல்வேன். மெல்லிசாகத்தான் வேண்டும் என்றால் 1.67. அதற்கு மேல் மைனஸ் 8, 9 போகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

எடையும் அப்படித்தான். 1.74 பொருள் மற்றவற்றை விட அடர்த்தி கூடியது, அதனால் மெல்லிசானாலும் எதிர்பார்த்த அளவு லேசாகாது.

1.56 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஃபிரேமோடு சேர்த்து 99 வெள்ளி" என்று பேனர் கட்டியிருக்கும் இடங்களில் பெரும்பாலும் போடுவது இதுதான். மைனஸ் 3-க்குள் இருப்பவருக்கு அது தாராளமாகப் போதும். மைனஸ் 2.00 உள்ள ஒருவர் சின்ன ஃபிரேமில் 1.56-க்குப் பதில் 1.67 போட்டால் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் அளவுதான் மிச்சமாகும், அது வீண் காசு. 1.56-இன் குறை, கொஞ்சம் நொறுங்கும் குணம். விளிம்பில்லாத ஃபிரேமுக்குத் துளை போட்டால் துளையைச் சுற்றி விரிசல் விடும். துளை போடுகிற ஃபிரேமுக்கு 1.60 அல்லது பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) கேளுங்கள்.

அந்த 99 வெள்ளி பேனரில் கீழே பொடி எழுத்தில் பவர் வரம்பு போட்டிருப்பார்கள், மைனஸ் 4 வரை, சிலிண்டர் 2 வரை என்கிற மாதிரி. அது தந்திரம் கிடையாது. லென்ஸில் இரண்டு வகை: தொழிற்சாலையில் முன்கூட்டியே செய்து உறையில் போட்டு அடுக்கி வைத்திருக்கும் ஸ்டாக் லென்ஸ் ஒன்று, உங்கள் பவருக்கென்று ஆர்டர் கொடுத்து இழைத்து வரும் லென்ஸ் இன்னொன்று. ஸ்டாக் மலிவு, அன்றே வெட்டிக் கொடுக்கலாம். ஆர்டர் லென்ஸுக்கு ஒரு வாரமோ மேலோ ஆகும், விலையும் ஏறும். உங்கள் மைனஸ் 6.00, சிலிண்டர் 1.00 என்பது 1.60-இலும் 1.67-இலும் பெரும்பாலும் ஸ்டாக்கில் இருக்கும் பவர்தான். கடைக்காரரிடம் "அண்ணே, இது ஸ்டாக்கா ஆர்டரா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே இவன் விவரம் தெரிந்தவன் என்று புரிந்துகொள்வார், விலையும் கொஞ்சம் இறங்கி வரும்.

விலைக்கு வருவோம். ஒரு ஜோடிக்கு, ஃபிரேம் இல்லாமல், நம் பக்கத்துக் கடைகளில் சுமாராக இப்படிக் கேட்பார்கள்: கோட்டிங்கோடு 1.56 என்றால் 60-லிருந்து 150 வெள்ளி, 1.60 என்றால் 180-லிருந்து 350, 1.67 என்றால் 300-லிருந்து 600, 1.74 என்றால் 600-லிருந்து 1,300. ஒரே எண்ணுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி ஏன் என்றால் பிராண்ட் ஒரு பங்கு, கோட்டிங் ஒரு பங்கு, கடை வாடகையும் ஆள் சம்பளமும் ஒரு பங்கு. லென்ஸின் கொள்முதல் விலை மட்டும் தெரிந்தால் எல்லாருக்கும் கோபம் வரும். ஆனால் கண் சோதனை செய்ய அரை மணி நேரம், தவறினால் திரும்ப வெட்டிக் கொடுக்கும் பொறுப்பு, ஆறு மாதம் கழித்து மூக்குப் பிடி ஒடிந்தால் காசு வாங்காமல் மாற்றிக் கொடுப்பது எல்லாம் அந்த விலைக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. எஸ்ஸிலோர், ஹோயா, ஜெய்ஸ் போன்ற பெயர்களில் கோட்டிங் நன்றாக நிற்கும் என்பது என் அனுபவம். ஒற்றைப் பவர் லென்ஸில் பார்வையைப் பொறுத்தவரை பெரிய பிராண்டுக்கும் நல்ல சாதாரண லென்ஸுக்கும் பெரிய வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

பில்லைப் பிரித்துக் கேளுங்கள். ஃபிரேம் தனி, லென்ஸ் தனி, கோட்டிங் தனி, லென்ஸின் கம்பெனிப் பெயரும் எண்ணும் எழுத்தில். "மல்டி கோட் ஹை இன்டெக்ஸ்" என்று மொட்டையாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஹை இன்டெக்ஸ் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு எண். லென்ஸ் வந்த காகித உறையையும் கேட்டு வாங்குங்கள். உறையில் எண், பவர், கோட்டிங் எல்லாம் அச்சடித்திருக்கும், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நியாயமான காரணம் எதுவும் இல்லை. பின்னறைக்காரனுக்கு உறைகூடத் தேவையில்லை. 1.67, 1.74 லென்ஸை மெஷினில் வைத்து வெட்டும்போது கந்தக நாற்றம் கிளம்பும், அந்த அறையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. 1.56-இல் அந்த நாற்றம் வராது.

கோட்டிங் விஷயத்தில் ஒன்றே ஒன்றுக்குக் கட்டாயம் காசு கொடுங்கள்: பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங். சாதாரண 1.50 லென்ஸ் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, 1.67 லென்ஸ் 6 சதவீதத்துக்கு மேல். இரண்டு பரப்பையும் சேர்த்தால் எட்டில் ஒரு பங்கு ஒளி வீண். இரவில் ஈப்போ சாலையில் மோட்டாரில் வரும்போது எதிர் லாரியின் விளக்கு இரண்டாகத் தெரிவது இதனால்தான். எண் கூடின லென்ஸ்கள் பெரும்பாலும் கோட்டிங்கோடுதான் வரும், அதற்குத் தனிக் காசு கேட்டால் யோசியுங்கள். இந்தக் கோட்டிங்குக்கு எமன் சூடு. வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலோ மோட்டார் சீட்டுக்கு அடியிலோ வைத்தால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விழும், அதைச் சரி செய்யவே முடியாது.

நீல ஒளி வடிகட்டும் லென்ஸ் என்று 80, 100 வெள்ளி கூடக் கேட்பார்கள். 2023-இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கணினி வேலையில் வரும் கண் களைப்பை அந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. சும்மா சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலில் கறுக்கும் லென்ஸ் நம் ஊருக்குப் பொருத்தம் என்று தோன்றும். அது புற ஊதாக் கதிர் பட்டுத்தான் கறுக்கும். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் சரியாகக் கறுக்காது, ஹெல்மெட்டின் முகமூடிக்குப் பின்னாலும் அப்படியே. சூடு கூடினால் கறுப்பது இன்னும் குறையும். குளிர்நாட்டு விளம்பரப் படத்தில் பார்த்த கறுப்பு இங்கே நடுப்பகலில் கிடைக்காது.

அப்புறம் அந்த 300 வெள்ளி இணைய லென்ஸ். மைனஸ் 2, 3 உள்ளவர் இரண்டாவது கண்ணாடியாக வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். உங்கள் பவரில் ஒரு கண்ணின் மையம் மூன்று மில்லிமீட்டர் தவறினால் அந்தக் கண்ணுக்கு 1.8 பிரிசம், அதாவது பார்வையைப் பக்கவாட்டில் இழுக்கும் விலகல், சேர்ந்துவிடும். மையம் தள்ளிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் அந்த எண் வரும். இரண்டு கண்ணிலும் தவறினால் இரட்டிப்பு. தலைவலி, கண்ணுக்குப் பின்னால் இழுக்கிற மாதிரி வலி, மாலையில் எழுத்து இரண்டாகத் தெரிவது எல்லாம் அதிலிருந்து வரும். அளவுகோலை நெற்றியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பும் முறையில் அந்த மூன்று மில்லிமீட்டர் தவற நிறைய வாய்ப்பு. தவறினால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

நம் நாட்டில் கடைகளில் கண் சோதித்துக் கண்ணாடி போடுகிறவர் 1991-ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், அதில் இந்த வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்கு உட்காரும் முன்பே "பவரை எழுதிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. சோதனை முடிந்த பிறகு கேட்டால் சங்கடம். சோதனைக்குத் தனியாக 20, 30 வெள்ளி கேட்டாலும் கொடுத்துவிடலாம், எழுதின சீட்டு கையில் இருந்தால் நாலு கடை ஏறலாம். வரி கட்டுகிறவர் என்றால் ஒரு சின்ன எச்சரிக்கை: வருமான வரியில் உடற்குறையுள்ளவர்களுக்கான உதவிக் கருவிக் கழிவில் மூக்குக் கண்ணாடியும் லென்ஸும் சேராது என்று உள்நாட்டு வருமான வரி வாரியம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

மைனஸ் 6.00 என்பது உயர் கிட்டப்பார்வையின் எல்லைக்கோடு. கண்ணின் நீளம் கூடியிருப்பதால் உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லென்ஸுக்கு மிச்சமாகும் காசில் ஒரு தடவை கண் டாக்டரிடம் மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று மின்னல் அடிக்கிற மாதிரி ஒளி, கொத்தாகக் கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்தது போல மறைப்பு, இதில் எது வந்தாலும் கண்ணாடிக் கடைக்கு வராதீர்கள். அன்றைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால், அதிக விலை கொடுத்தே வாங்கச் சொல்லும் லென்ஸ் அங்கே ஒன்று இருக்கிறது: கிட்டப்பார்வை ஏறுவதை மெதுவாக்கும் லென்ஸ். ஹோயாவின் மையோஸ்மார்ட், எஸ்ஸிலோரின் ஸ்டெல்லஸ்ட் என்று வருகின்றன. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு வருடம் செய்த ஆய்வில், மையோஸ்மார்ட் வகை லென்ஸ் போட்டவர்களுக்குச் சாதாரண லென்ஸ் போட்டவர்களை விடப் பவர் ஏறுவது சராசரியாக 52 சதவீதம் குறைந்தது. விலை சாதாரண லென்ஸைப் போலப் பல மடங்கு. மைனஸ் 6 அப்பாவின் பிள்ளைக்கு வருடா வருடம் பவர் ஏறினால் மற்ற செலவைக் குறைத்தாவது இதைப் போடச் சொல்வேன்.

இனி உங்கள் அப்பா. புரோகிரசிவ் நல்ல கண்டுபிடிப்பு. 1959-இல் பிரான்சில் பெர்னார் மெத்தெனாஸ் கொண்டுவந்த வாரிலக்ஸ்தான் வெற்றிகரமாக விற்பனைக்கு வந்த முதல் புரோகிரசிவ் லென்ஸ். மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் கணினித் தூரம், கோடு தெரியாது. ஆனால் உங்கள் அப்பாவின் வேலையை யோசித்துப் பாருங்கள். உதிரிப் பழம் பொறுக்குகிறவர் நாள் முழுக்கக் குனிந்து காலடியைப் பார்க்கிறார். கண் லென்ஸின் கீழ்ப்பாதி வழியாகத் தரையைப் பார்க்கும். அங்கே இருப்பது 40 சென்டிமீட்டர் தூரத்துக்கான பிளஸ் 3.25. ஒன்றரை மீட்டர் தூரத்துத் தரை மங்கும். சரிவிலும் அல்லூர் (வடிகால்) ஓரத்திலும் அடி வைக்கும்போது பள்ளம் எங்கே என்று தெரியாது. புரோகிரசிவின் இரண்டு பக்க ஓரம் வழியாகப் பார்த்தால் காட்சி வளைந்து ஆடும், அது எந்த பிராண்டிலும் கொஞ்சம் உண்டு. புதிதாகப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் தடுமாறும் ஆட்களைக் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

அவருக்கு நான் சொல்வது இரண்டு கண்ணாடி. வேலைக்கு, தூரப் பவர் மட்டும் போட்ட பாலிகார்பனேட் லென்ஸ். அபே எண் 30-தான், ஆனால் பிளஸ் 1.00-இல் அது ஒன்றும் தெரியாது. மட்டையின் முள் தெறித்தாலும் நொறுங்காது, அதுதான் தோட்டத்தில் முக்கியம். வீட்டில் பேப்பரும் போனும் பார்க்க, கிட்டத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி, அல்லது தூரமும் கிட்டமும் சேர்ந்த பைஃபோகல், அந்தக் காலத்து அரைவட்டக் கோடு தெரிகிற வகை. இரண்டும் சேர்ந்து 300 வெள்ளிக்குள் முடித்துவிடலாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 10 வெள்ளிக்கு விற்கும் படிக்கிற கண்ணாடிகூட, இரண்டு கண்ணும் ஒரே பவர், சிலிண்டர் இல்லை என்றால் கண்ணைக் கெடுக்காது. தொலைத்தாலும் பதறத் தேவையில்லை என்று வீட்டில் நாலு மூலையிலும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

பால்மரம் வெட்டுகிறவராக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். விடியுமுன் தலைவிளக்கில் பட்டையை உற்றுப் பார்த்து, கத்தியின் ஆழத்தைக் கணக்காகப் பிடிக்க வேண்டும். வெட்டும் பட்டை சில மரத்தில் கண்ணுக்கு நேராக இருக்கும், சிலதில் முழங்கால் உயரத்தில். கிட்டப் பவர் லென்ஸின் கீழே மட்டும் இருந்தால் கழுத்தை அண்ணாந்து அண்ணாந்து வலிக்கும். அவர்களுக்கு முழு லென்ஸும் அரை மீட்டர் தூரத்துக்கு எழுதிய ஒற்றைப் பவர்தான் நிம்மதி. சோதனைக்குப் போகும்போது என்ன வேலை, எவ்வளவு தூரத்தில் பார்க்கிறோம் என்பதைச் சொன்னால்தான் அப்படி எழுத முடியும். பெரும்பாலான கடைகளில் "புத்தகம் படிப்பீர்களா?" என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

கடைக்குப் போக, கோயில் விசேஷத்துக்குப் போக, ஒரே கண்ணாடி போதும் என்று அப்பா புரோகிரசிவே கேட்டால் வாங்கிக் கொடுங்கள், வேலைக்கு மட்டும் போட வேண்டாம். 250-லிருந்து 3,000-க்கு மேலும் உண்டு. முதல் தடவைக்கு 500, 600 வெள்ளி வகை போதும். பிராண்டை விட அளவெடுப்பதில் குறியாக இருங்கள். லென்ஸின் உயரம் 30 மி.மீ. இருக்கும் ஃபிரேம், ஃபிரேமை முகத்தில் சரியாக வளைத்து உட்கார வைத்த பிறகு, அளவெடுப்பவர் எதிரே அதே உயரத்தில் உட்கார்ந்து, கண்மணி நிற்கும் இடத்தில் மாதிரி லென்ஸில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு "சரிங்க, எழுதிக்கிட்டேன்" என்று சொல்கிற கடையில் 3,000 வெள்ளி லென்ஸும் வேலைக்கு ஆகாது. பழகவில்லை என்றால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். பழக ஒரு வாரம் இரண்டு வாரம் எடுக்கும்.

கண்ணாடி கைக்கு வந்ததும் லென்ஸில் வாயால் ஆவி ஊதி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புரோகிரசிவ் என்றால் இரண்டு சின்ன வட்டமோ குறியோ 34 மி.மீ. இடைவெளியில் பொறித்திருக்கும். காதுப் பக்கக் குறிக்குக் கீழே ஆட் பவர், அப்பாவுக்கு 2.25. மூக்குப் பக்கக் குறிக்குக் கீழே கம்பெனி அடையாளம். எதுவும் தெரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். உங்கள் கண்ணாடியை லென்ஸ் மீட்டரில் வைத்துப் பவரைக் காட்டச் சொல்லலாம், எந்தக் கடையிலும் இரண்டு நிமிட வேலை.

அப்பாவின் இனிப்புநீர் விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை நீர் கோத்து, பவரே மாறிவிடும். சர்க்கரை 15 மில்லிமோலில் இருக்கும் வாரத்தில் சோதித்து எழுதிய பிளஸ் 1.00, மருந்து மாற்றி 7-க்கு இறங்கியதும் வேறு பவராகிவிடலாம். அப்போது புதுக் கண்ணாடி மங்கலாகத் தெரியும், பழி கடைக்காரர் தலையில் விழும். அளவு சில வாரம் ஒரே நிலையில் நிற்கட்டும், பிறகு சோதியுங்கள். அரசு கிளினிக்கில் அடுத்த இனிப்புநீர் சோதனைக்குப் போகும்போது விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வருடம் ஒரு தடவை எடுக்க வேண்டியது அது. கண்புரை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். புரை முற்றியிருந்தால் எந்த லென்ஸும் தெளிவு தராது, அறுவை முடிந்ததும் பவர் முழுக்க மாறிவிடும். இந்த இரண்டும் தெரியும் வரை அப்பாவின் கண்ணாடிக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.